எண்டர் தட்டினா போகணும்!

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு அலுவலகத்துக்கு பில் பதியற ஸ்கிரீன் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். பார்க்க சும்மா ஜம்முனு இருக்கும். மவுஸைக் கொண்டு போனா பட்டன் நிறம் மாறும். எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் ஏதோ பக் பார்க்க நேர்ல போனேன். டேட்டா என்ட்ரி பண்ற அக்கா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எண்டர் தட்டினா போக மாட்டேங்குதே, வேணும்னே அப்படி வச்சிருக்கீங்களா?"

பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். வலது கை நம்பர் பேட் மேல, கண்ணு காகிதத்து மேல. எண்கள் பறக்குது. கடைசியில மட்டும் கையை எடுத்து, மவுஸைப் பிடிச்சு, பட்டனைத் தேடி ஒரு க்ளிக். மறுபடி கை பழைய இடத்துக்கு. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பில். சாயங்காலமானா மணிக்கட்டுக்குத் தைலம் தேய்க்கிறாங்களாம். எண்டர் கீ என்னவோ அவங்க சுண்டு விரலுக்குக் கீழேயேதான் இருந்துச்சு. அதைச் சாகடிச்சவன் நான்.

இதுல கொடுமை என்னன்னா, எண்டர் வேலை செய்ய நாம தனியா எதுவும் எழுதவே வேண்டாம். ஒரு ஃபார்ம், உள்ளே ஒரு சப்மிட் பட்டன், அவ்ளோதான். மிச்சத்தை பிரவுசரே பார்த்துக்கும். ஒற்றை வரிப் பெட்டி ஒண்ணு மட்டும் இருந்தா, அதுல எண்டர் தட்டினதும் ஃபார்மை அனுப்பணும்னு 1995ல வந்த எச்.டி.எம்.எல். 2.0 ஆவணமே சொல்லிடுச்சு. நான்தான் அழகுக்காக ஃபார்மையே தூக்கிட்டு, ஒரு டிவ்வுக்குப் பெயிண்ட் அடிச்சு ஆன்க்ளிக் மாட்டியிருந்தேன். டேப் அடிச்சாக்கூட அங்க போய் நிக்காது. பார்வையில்லாத ஒருத்தர் ஸ்கிரீன் ரீடரோட வந்திருந்தா? அக்காவுக்கு மணிக்கட்டு வலி, அவருக்குக் கதவே பூட்டு.

"தெரியாம எண்டர் பட்டா பாதி ஃபார்ம் போயிடுமே"ன்னு ஆபீஸ் நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான பயம்தான். கட்டாயப் பெட்டி காலியா இருந்தா நிறுத்துங்க. பணம் போற இடத்துல இன்னொரு தடவை கேளுங்க. அதுக்காக எண்டரையே பிடுங்கறது, திருடன் வருவான்னு வாசலுக்குச் சுவர் வைக்கிற கதை.

ஒரு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. எண்டர் தட்டினா, ஃபார்ம்ல முதல்ல வர்ற சப்மிட் பட்டனைத்தான் பிரவுசர் அமுக்கும். டைப் எழுதாம விட்ட பட்டனும் சப்மிட் கணக்குதான். பாஸ்வேர்டைக் காட்டற கண் பட்டனை அப்படி விட்டீங்கன்னா, எண்டர் தட்டினதும் பாஸ்வேர்ட் பளிச்னு தெரியும் :-)

அன்னைக்கு ராத்திரியே மாத்தினேன். நாலே வரி. மறுநாள் போன் பண்ணிக் கேட்டேன். "இப்ப போகுது தம்பி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. பாராட்டெல்லாம் கிடையாது. அது ஒழுங்கா இருந்திருக்க வேண்டிய விஷயம்தானே?

டிஸ்கி: பொட்டி தட்டற மக்களே, உங்க ஸ்கிரீனை வெளிய விடறதுக்கு முன்னாடி மவுஸைக் கழட்டி வச்சுட்டு ஒரே ஒரு பில் போட்டுப் பாருங்க.