சீட்டில் ஏறாத குளவி

இந்த வாரம் எரிச்சல் மூட்டியது அரைக் கிலோ ஜவ்வரிசி. சேலத்தில் ஒரு பெரிய கடையில் வாங்கியது. உறையில் ஒரு பச்சை இலை, அதன் கீழே ‘இயற்கைக்கு உகந்தது’, சாதா ஜவ்வரிசியைப்போல் இரண்டு மடங்கு விலை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சான்று கொடுத்தது யார், எண் என்ன, ஒன்றும் இல்லை. ‘ஆர்கானிக்’ என்று போட்டால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று காட்ட வேண்டும். ‘உகந்தது’ என்று போட்டு நழுவிவிடுகிறார்கள். அதற்கும் 2024இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடிவாளம் போட்டாயிற்று. கடைத்தட்டுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

என் மண்பானைப் புலம்பல் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1991இல் மத்திய அரசு எக்கோமார்க் என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது. சின்னம், மண்பானை. தேர்வு செய்தவர் யாரோ ரசனைக்காரர். ஆனால் அதை வாங்க முதலில் ஐ.எஸ்.ஐ. தரம் வேண்டும், அதற்கு மேல் சுற்றுச்சூழல் தரமும் வேண்டும். கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலில் சோப்பு, பெயின்ட், பேட்டரிக்கெல்லாம் இடம் இருந்தது. மரத்துக்கு மாற்றான பொருள்களுக்கும் இருந்தது. தம்மம்பட்டியில் உளி பிடித்து வாகைக் கட்டையில் சாமி செதுக்குகிறவருக்கு இல்லை. 2024இல் புது விதிகள் வந்திருக்கின்றன. பார்ப்போம்.

ஜவ்வரிசிக்கு வருகிறேன். அது கண்ணைப் பறிக்கிற வெள்ளை. பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கைக் காலம் கடத்தாமல் ஆலைக்குக் கொண்டுபோய், தோலைச் சுத்தமாகச் சீவி, நல்ல தண்ணீரில் பாலைத் தெளியவைத்தால் மாவு தானாகவே வெளுக்கும். அவ்வளவு பொறுமை இல்லாத இடத்தில் ரசாயனம் புகுந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேலம் வட்டாரத்து ஆலைகளில் ஏறி இறங்குவது அதற்காகத்தான். இந்த உறைக்குள் இருப்பது எந்த வெள்ளை என்று இலை சொல்லவில்லை.

இதையே நீட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் சித்தப்பா போன் செய்தார். “மாவுப்பூச்சி இந்த வருசம் அவ்வளவா இல்லடா” என்றார்.

“குளவி இருக்குதா சித்தப்பா?”

“கொட்டுமா?”

கொட்டாது. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இந்தக் குளவியைப் பற்றி எழுதாமல் இலைக்கும் பானைக்கும் இத்தனை இடம் கொடுத்துவிட்டேனே!

2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் காடுகளில் வந்து உட்கார்ந்தது. நடவுக்காக ஊர்விட்டு ஊர் போகும் குச்சியிலேயே அதற்கு இலவசப் பயணம். உச்சிக் குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். செடி நிமிராது, கிழங்கு பருக்காது. விவசாயி மருந்தை மாற்றி மாற்றி அடித்தார். பூச்சியோ மெழுகுப் பொடியைப் போர்த்திக்கொண்டு சுருண்ட இலைக்குள் பத்திரமாக இருந்தது.

தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி அது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை நம்பியிருந்த நாடுகளைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அப்போது அதன் பிறந்த மண்ணிலேயே தேடி, பராகுவேயில் கண்டுபிடித்த எதிரிதான் அனாகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைத்தான் பெங்களூரு பூச்சி ஆய்வு நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்தது. 2022இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியே விட்டார்கள். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்னும். பூச்சி பழுப்பாகி உப்பி விறைத்துப்போகும். பிறகு அதில் ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியேறும். இலையைப் புரட்டி அந்த ஓட்டைகளைத் தேடச் சொன்னேன். “கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாக்கறேன்” என்றார் சித்தப்பா.

ஒரே ஒரு நிபந்தனை: பூச்சிக்கு அடிக்கிற மருந்தில் குளவியும் சாகும். ஆகவே கை அரிப்பெடுத்தாலும் பொறுத்திருக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரரும் பொறுக்க வேண்டும். குளவிக்கு வரப்புக் கணக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரரிடம் கடன் வைத்திருக்கிற ஆளுக்கு இந்தப் பொறுமை அத்தனை சுலபமில்லை.

அப்படிப் பொறுத்தவர் கிழங்கு பிடுங்கி லோடு ஏற்றி ஆலைக்குப் போகிறார். அங்கே பார்ப்பது பாயிண்ட், அதாவது மாவுச்சத்து எத்தனை என்பது மட்டும். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். மருந்தில் குளித்து வந்த கிழங்குக்கும் குளவி காத்த கிழங்குக்கும் அதே சீட்டு, அதே ரேட்டு. இரண்டும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் உறையில் இலை ஒட்டி இரண்டு மடங்கு விலை வைக்கிறார். அந்தக் கூடுதல் காசில் சித்தப்பாவுக்குப் பங்கு வருமா என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஆசிரியர் அச்சிட மாட்டார்.