காந்தம் ஒளிந்திருக்கும் நுரைக்கட்டைகள்

இலக்கியம் பேசும் இடத்தில் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிலும் ஒன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டி நாம் தொடங்கலாம். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைப் பாட்டுடைத் தலைவன் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் இறைஞ்சுகிறார்கள். கட்டுவதையும் கலைவதையும் சேர்த்தே விளையாட்டாகக் கண்ட மரபு நம்முடையது.

இன்றைய பொம்மைக் கடைகளில் அந்த மணல்வீட்டின் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் பொருட்களுள் ஒன்று, காந்தம் பதித்த நுரைக்கட்டை. செருப்பின் அடிப்பகுதிக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. நுரையால் ஆன, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் கொண்ட கட்டைகள், உள்ளே காந்தங்கள். ஒன்றை மற்றொன்றின் அருகே கொண்டுசென்றால் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. மொசைக் தரையில் விழுந்தாலும் ஓசை எழுவதில்லை. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டுவதில்லை. மற்றொரு குழந்தையின் தலையில் எறிந்தாலும் காயம் இல்லை. அடுக்குமாடியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இவை சிறிய சலுகைகள் அல்ல. ஆண்டுநிறைவுப் பரிசாக இதனை வாங்கிச் செல்லும் சித்தப்பாவையோ அத்தையையோ நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் பெட்டியின் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் வயதுக் குறிப்பை அவர் எப்படி வாசிக்கிறார் என்பதில்தான் நமக்குக் கவலை.

மூன்று வயதுக்கு மேல் என்று பெட்டியில் எழுதியிருந்தால், நம்மவர்கள் அதனைப் பள்ளிப் பாடத்திட்டம்போல் எடுத்துக்கொள்கிறார்கள். 'எங்கள் பையன் கெட்டிக்காரன், ஒன்றரை வயதிலேயே இதையெல்லாம் பொருத்திவிடுவான்' என்று பெருமையோடு வாங்குகிறார்கள். அந்தக் குறிப்புக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் தொடர்பு இல்லை. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்தைக் கணக்கில் கொண்டு விதிக்கப்பட்ட எல்லை அது. எவ்வளவு அறிவுள்ள குழந்தையும் ஒன்றரை வயதில் உலகத்தை நாக்கால்தான் அறிகிறது. பிள்ளை மரப்பாச்சியை வாயில் வைத்துச் சப்பும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. நுரைக்கட்டையையும் அது சப்பும். பல் முளைக்கும் நாட்களில் கடிக்கும், பிய்க்கும். மரத்தைப் போலவோ கெட்டியான பிளாஸ்டிக்கைப் போலவோ நுரை பல்லுக்கு ஈடுகொடுப்பதில்லை.

உள்ளே இருக்கும் காந்தத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பெயர்த்தெடுத்த கறுப்புக் காந்தத்தைத் தெருமணலில் இழுத்து இரும்புத்தூள் சேகரித்த தலைமுறை நாம். அது ஃபெர்ரைட், பருத்தது, இழுவை குறைந்தது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் சுமிடோமோவிலும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், பயறளவு இருக்கும்போதே பெரும் வலிமை காட்டுவது. சிறு கட்டைக்குள் அடங்கிக்கொண்டு வலுவாக இழுப்பவை பெரும்பாலும் இவையே. இரு கட்டைகளின் ஒத்த துருவங்கள் எதிர்ப்பட்டால் ஒட்டாமல் விலகிவிடும் அல்லவா? அதற்காகப் பல தயாரிப்புகளில் காந்தம் உள்ளேயே புரண்டு தன் துருவத்தைத் திருப்பிக்கொள்ளுமாறு ஒரு குழிக்குள் தளர்வாக விடப்படுகிறது. எப்படி வைத்தாலும் ஒட்டுகிறதே என்று நாம் வியக்கும் வசதி இந்தத் தளர்விலிருந்து வருவது. நுரை கிழிந்தால் அந்தக் குழியின் வாய் திறந்துகொள்ளும்.

ஒற்றைக் காந்தத்தை விழுங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் அது மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினாலோ, ஒரு காந்தத்தோடு வேறொரு இரும்புத் துண்டும் உள்ளே போனாலோ நிலைமை வேறு. குடலின் ஒரு வளைவில் ஒன்றும் அடுத்த வளைவில் மற்றொன்றுமாக நின்று, இடையிலுள்ள குடற்சுவரை நசுக்கியபடி அவை ஒட்டிக்கொள்கின்றன. நசுங்கிய தசைக்கு இரத்தம் போவதில்லை. அது அழுகி ஓட்டை விழுகிறது. வெளியில் தெரிவது வாந்தியும் வயிற்றுவலியுமே. செரியாமை என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தானது. காந்தம் விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தியெடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

இது கற்பனையான அச்சம் அன்று. அமெரிக்காவில் 'மேக்னடிக்ஸ்' என்ற கட்டுமானப் பொம்மையிலிருந்து உதிர்ந்த காந்தங்களை விழுங்கிய 20 மாதக் குழந்தை 2005இல் இறந்தது. அக்குழந்தைக்காக எவரும் அதனை வாங்கவில்லை, வீட்டிலிருந்த மூத்த பிள்ளையின் பொம்மை அது. 2006 மார்ச்சில் 38 லட்சம் பெட்டிகளை உள்ளடக்கிய திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. 2007இல் அது விரிவாக்கப்பட்டது. மேக்னடிக்ஸ் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. அதிலிருந்தே காந்தம் உதிர்ந்தது என்றால், நகத்தால் கிள்ளினால் தடம் பதியும் நுரையைப் பற்றி நாம் என்ன நினைப்பது?

இதன் பின்னரே பொம்மைத் தரநிலைகளில் காந்தத்துக்குத் தனி விதிகள் வலுப்பெற்றன. பொம்மையிலிருந்து கழன்று விழக்கூடிய காந்தம், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்குமளவு சிறியதாக இருந்தால், அதன் இழுவைக் குறியீடு 50க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். குழலின் வாய் ஏறத்தாழப் பழைய ஃபிலிம் ரோல் டப்பாவின் அளவு. (அந்த டப்பாவைப் பார்த்திராத இளைய வாசகர்கள் வீட்டுப் பரணில் தேடலாம்.) இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும், அதனை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். முத்திரையில்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்று எவ்வளவு பெருமையாகச் சொல்லப்பட்டாலும், அதனை வாங்காமலிருப்பதே முறை.

நுரையின் மேலும் ஒரு வழக்கு உண்டு. ஈ.வி.ஏ. நுரையைப் பொங்கவைக்கும் வேதிப்பொருட்களின் எச்சமாக ஃபார்மமைடு தங்கிவிடக்கூடும். இதன் காரணமாக 2010இல் பெல்ஜியம் நுரைப் புதிர்ப்பாய்களைத் தடை செய்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் நுரைப் பொம்மைகளுக்கு வரம்பு விதித்தது. காந்தம் இல்லாத நுரைக்கட்டைக்கும் இக்கேள்வி பொருந்தும். குளியல் தொட்டியில் மிதக்கவிடலாம் என்ற விளம்பரத்தையும் நாம் ஐயத்தோடே பார்க்கிறோம். நியோடிமியம் ஈரம் பட்டால் எளிதில் துருப்பிடித்து உதிர்வது. அதன் மேற்பூச்சு விரிசல்விட்டதை வெளியிலிருந்து எவராலும் காண முடியாது.

ஆபத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மிகச் சிறிய குழந்தைக்கு இந்தக் கட்டை எதைத் தருகிறது என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. பதினைந்து மாதத்தில் இரண்டு, இரண்டு வயதில் ஆறு என்று குழந்தை எத்தனை கட்டைகளை அடுக்குகிறது எனப் பார்ப்பது, அதன் வளர்ச்சியை அறியக் குழந்தை மருத்துவர்கள் கையாளும் எளிய வழிகளில் ஒன்று. கை நடுங்காமல் வைக்க வேண்டும், விளிம்போடு விளிம்பு சேர வேண்டும், சரியான கணத்தில் விரலை விடுவிக்க வேண்டும். பிழைத்தால் கோபுரம் சரியும். காந்தக் கட்டை இந்த வேலைகளில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. கோணலாக வைத்தாலும் நேராக்கிக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் குழந்தைகளுக்கு அளித்த 'கொடைகளுள்' மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் வெறும் மரக்கட்டை. அதில் ஒட்டும் பொருள் எதுவும் இல்லை. பின்னாளில் பெரும் கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட் சிறுவயதில் ஃப்ரோபெலின் கட்டைகளோடு விளையாடியதைத் தம் எழுத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தவர்.

காந்தக் கட்டையை நாம் முற்றாக வெறுக்கவில்லை. ஐந்து, ஆறு வயதில் அது வேறொரு விளையாட்டு. புவியீர்ப்பு அனுமதிக்காத வடிவங்களை அந்தரத்தில் நீட்டிப் பார்க்கலாம். ஒட்டுவதும் விலகுவதும் ஏன் என்று கேட்கும் வயதும் அதுவே. விரல்களுக்குப் போதிய வலுவில்லாத பிள்ளைகளுக்கும், பெரியவர் உடனிருக்கும்போது, அது உதவக்கூடும். அந்த வயதுக்கு வாங்கும்போதும் காந்தம் கெட்டியான உறைக்குள் இருக்கிறதா, விளிம்புகளில் ஒட்டுவாய் தெரிகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் மாதமொருமுறை ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் பார்த்து, கீறல் கண்டதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். பசை தடவி ஒட்டித் திரும்பத் தருவது கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வாயில் அடங்காத அளவுள்ள மரக்கட்டைகளே போதும். சென்னப்பட்டணத்தில் அரக்குப் பூசிக் கடைந்தெடுக்கும் மரப்பொம்மைகள் பெங்களூருவிலிருந்து மைசூர் செல்லும் வழியெங்கும் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை விதியிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அவற்றில் முத்திரையைத் தேட வேண்டியதில்லை. சிறு உருப்படிகளைத் தவிர்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

கடினமான வழக்கு, ஆறு வயது அக்காளும் ஒன்றரை வயதுத் தம்பியும் ஒரே கூடத்தில் விளையாடும் வீடு. அக்காளின் வயதைப் பார்த்து வாங்கிய கட்டை தம்பியின் கைக்கு எட்டுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பின் நேரம் போதும். அத்தகைய வீட்டுக்குப் பரிசு வாங்குபவர் கடைக்குப் புறப்படும் முன், வீட்டின் கடைக்குட்டிக்கு என்ன வயது என்று கேட்டுக்கொள்ளட்டும். அக்காளுக்காகக் காந்தக் கட்டை ஏற்கெனவே வந்துவிட்டதெனில், தம்பி உறங்கும் நேரத்தில் மட்டும் மேசைமேல் எடுத்து, விளையாடி முடித்ததும் எண்ணிப் பார்த்து, பரண்மேல் வைத்துவிடலாம்.