பெட்டியில் இருக்கும் பெரியவர்

சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக மசாலாப் பெட்டியில் சிரிக்கும் பெரியவரை வணிகர்கள் அறிவர். எம்.டி.எச். அதிபர் தரம்பால் குலாட்டி அவர். 1923-ல் சியால்கோட்டில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. 1947 பிரிவினையில் தந்தையின் மசாலாக் கடையை அப்படியே விட்டுவிட்டு டெல்லி வந்தார். கையில் 1,500 ரூபாய். அதில் 650 கொடுத்து ஒரு குதிரை வண்டி வாங்கி ஓட்டினார். கட்டுப்படியாகவில்லை. வண்டியை விற்று, கரோல் பாக்கில் சிறு கடை போட்டுத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினார். 2019-ல் பத்மபூஷண், 2020 டிசம்பர் 3-ல் தமது 97-வது வயதில் மறைந்தார்.

தொண்ணூறு தாண்டியும் ஆலைக்குப் போய்வந்தார் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் எழுபது ஆனதுமே பிள்ளைகள் கல்லாச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். வற்றலை ஒடித்துப் பார்த்தே ஈரம் சொல்லும் கை, வீட்டில் டி.வி. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி, அக்கம்பெனியின் மூன்று மசாலாக்களை (சாம்பார் மசாலாவும் ஒன்று) ஹாங்காங் அரசு விற்பனையிலிருந்து நிறுத்தியது. கம்பெனி மறுத்தது. பேச்சு அடிபட்டபோதும் பெட்டியில் இருந்தது பெரியவர் படம்தான்.

நம் கடைப் பலகைகளிலும் அப்பா, தாத்தா பெயர்களே இருக்கின்றன. மூட்டை இறங்கும் நாளில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர்கள் சரக்கைப் பார்த்த பிறகு பட்டுவாடா செய்யுங்கள்.