நாற்பதோடு நின்ற பட்டியல்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த மரபு நம்முடையது. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை. அதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. அழகையும் காதலையும் பாட வகுத்த கணக்கு என்பதால் அங்கே நின்றது. அதற்குப் பிறகு வரும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பேச்சு வழக்கு விட்டுவைத்திருப்பது ‘நாற்பது வயசுல நாய்க்குணம்’ என்ற ஏச்சு ஒன்றுதான்.

ஆலோசனை அறைக்கு வருகிறவர்கள் இந்தப் பெயரில்லாத காலத்துக்கு ஏதோ ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். “ஏழரை நடக்குதுங்க” என்பார் ஒருவர். அவர் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டாம் சுற்று ஏழரையை ஜோசியர்கள் பொங்கு சனி என்பார்கள். வாழ்வு பொங்கிவரும் காலமாம். “பொங்கு சனின்னாங்க, ஒண்ணும் பொங்கலையே” என்ற ஆதங்கத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “எதுலயும் பிடிப்பு இல்ல” என்பார் இன்னொருவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நம் பங்குக்கு நாம் ‘நடுவயது நெருக்கடி’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். எழுதியதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைக்கிறேன்.

அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். 1965இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே மரணம் முதலில் வருகிறது, நடுவயது நெருக்கடி பிறகுதான் வருகிறது. தன் மரணமும் ஒருநாள் வரும் என்பது ஒருவருக்கு உண்மையாகவே உறைக்கத் தொடங்குவதுதான் அவர் கவனித்த திருப்பம். பின்னாளில் சிவப்புக் கார், தலைக்குச் சாயம், புதுக்காதல் என்று ஊடகங்கள் அதைக் கேலிப்பொருளாக்கிவிட்டன. சொல் நம்மிடம் வந்து சேர்ந்தபோது அதிலிருந்த மரணம் உதிர்ந்துபோயிருந்தது.

அமெரிக்காவில் எலைன் வெதிங்டன் 2000இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நேரடியாகப் பயன்படக்கூடியது. அவர் பேட்டி கண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் தமக்கு அப்படியொரு நெருக்கடி வந்ததாகச் சொன்னார். அவர்களிலும் பலர் விவரித்தது ஒரு வேலை போனதை, ஒரு சாவை, ஒரு மணமுறிவை, அதாவது எந்த வயதிலும் வரக்கூடிய அடிகளை. வயதைக் காரணமாக எழுதிவிட்டால் ‘என்ன நடந்தது?’ என்று கேட்காமலே விட்டுவிடுவோம்.

நான் அப்படி விட்டிருக்கிறேன். என்னிடம் வந்த ஒருவரின் கதையை, அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வயது 47. மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. கடைப் பையன்களிடம் எரிந்து விழுகிறார், ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று மனைவி அழைத்து வந்தார். முதல் நாளே ‘நடுவயது’ என்று எழுதிவிட்டேன். இரண்டு அமர்வுகள் வேலைத் திருப்தி, தாம்பத்தியம், நிறைவேறாத ஆசைகள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

மூன்றாம் முறை ஒரு ரெக்சின் பையோடு வந்தார். உள்ளே நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. “மேடம், இது வீட்டம்மாவுக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். பக்கத்துக்குப் பக்கம் எல்.ஐ.சி. ரசீதுகள் ஒட்டியிருந்தன. பாலிசி எண், தவணைத் தேதி, முதிர்வு ஆண்டு எல்லாம் நீல மையில், அழகான கையெழுத்தில். ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஆண்டுக்கொரு எண். 8, 7, 6, 5. என்னவென்று கேட்டேன். அப்பா 52 வயதில் கடையில் உட்கார்ந்தபடியே சரிந்து போனார். இவருக்கு அப்போது 19. பி.காம். இரண்டாம் ஆண்டை விட்டுவிட்டு அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “என் பையனுக்கு இப்ப 14. எனக்கு 52 ஆகுறப்ப அவனுக்கு 19. அவன் படிப்பு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு முதல் நாள் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘தந்தை: 52, மாரடைப்பு’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். பரம்பரை நோய்க்கான கட்டம் என்பதால் அதை அப்படியே படித்துக் கடந்திருக்கிறேன்.

முதலில் இதய மருத்துவரிடம் அனுப்பினோம். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, மாத்திரை தொடங்கினார். அதற்குப் பிறகுதான் 28 ஆண்டுகளாகப் பேசாமல் வைத்திருந்த அப்பாவைப் பற்றிப் பேச முடிந்தது. நோட்டை மனைவியிடம் காட்டினார். பென்சில் எண்களை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

உடம்பைப் பார்ப்பது மருத்துவர் வேலை என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். நாற்பதைத் தாண்டிய ஒருவர் அசதி, எரிச்சல், மறதி, தூக்கமின்மை என்று வந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பும்தான். மேற்கத்தியப் பாடநூல்கள் மாதவிடாய் நிற்கும் வயதைச் சராசரியாக 51 என்கின்றன. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வாக்கிலேயே வருகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் தடுமாற்றத்தையும் சேர்த்தால், நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் 43 வயதுப் பெண் ஏற்கனவே அதற்குள் இருக்கலாம். தைராய்டு குறைவில் தளர்ந்திருந்த ஒருவரோடு ஆறு வாரம் வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த ஆறு வாரத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியாது. தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேராகவே கேளுங்கள். ‘சலிப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் அதுவும் ஒளிந்திருக்கும், குறிப்பாகக் குடிக்கும் ஆண்களிடம்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த வாழ்க்கைப் பருவங்களில் ஏழாவது, அடுத்த தலைமுறையை வளர்த்தெடுப்பதா, தேங்கிப்போவதா என்ற போராட்டம். நம் பயிற்சி வகுப்புகளில் இது ‘பிறருக்குக் கொடுங்கள், பொருள் கிடைக்கும்’ என்று சுருங்கிவிட்டது. மகள் விடுதிக்குப் போன பின் வெறுமையாக இருக்கிறது என்று வந்த ஒரு பெண்ணிடம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாமே என்றேன். மாமியாரைப் படுக்கையில் வைத்து நான்கு ஆண்டு பார்த்தவர் அவர். நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்தவர். “இன்னும் யாருக்குங்க செய்யணும்?” என்று கேட்டுவிட்டு அழுதார். கொடுத்துக் கொடுத்தே வற்றியவரிடம் மேலும் கொடுக்கச் சொன்ன ஆலோசனை அது. அவருக்கு வேண்டியிருந்தது மாலையில் ஒரு மணி நேரம், யாருக்கும் காபி போடாமல். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் என்ன செய்கிறார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பொருள் என்பதை வெளியிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்க முடியாது, அவரவரே கண்டெடுக்க வேண்டும் என்பதில் உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கல் உறுதியாக இருந்தார். அவரை மேற்கோள் காட்டும் நாமே அதை அதிகம் மறக்கிறோம்.

அடுத்த இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். ஆய்வுக் கட்டுரை வேண்டாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் உங்களிடம் வந்தவர்கள் தங்கள் நிலையைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது என்று தெரியாதபடி, வட்டார வழக்கைத் திருத்தாமல், அவர்கள் வாயில் வந்தபடியே.