அன்பு வீணாவதில்லை



1963 இல் பிபிசி தொலைக்காட்சி தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் ‘டொக்டர் ஹூ’. காலத்தைக் கடந்து பயணிக்கும் ஒருவரே அதன் நாயகர். 2010 ஜூன் 5 ஆம் திகதி ஒளிபரப்பான அதன் அத்தியாயமொன்று ஓவியர் வின்சன்ட் வான் கோவைப் பற்றியது. பார்த்தவர் பலரைக் கண்கலங்க வைத்த கதை அது.

வாழ்நாளில் மதிக்கப்படாத அந்த ஓவியரை, டொக்டரும் அவருடைய தோழி எமியும் நம் காலத்துப் பரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். தம் ஓவியங்களின் முன் மக்கள் நிற்பதைக் கண்டும், அறிஞர் ஒருவர் தம்மைப் போற்றுவதைக் கேட்டும் அவர் தேம்பி அழுகிறார். இனி அவர் நெடுங்காலம் வாழ்வார் என எமி நம்புகிறாள். ஆயினும் முடிவு மாறவில்லை. 37 ஆவது வயதிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதை அவள் அறிகிறாள்.

அப்படியானால் அவர்கள் காட்டிய அன்பு வீணா? இல்லை என்கிறது கதை. அவருடைய துயரத்தை அவர்களால் நீக்க முடியவில்லை. ஆனால் அவ்வாழ்வில் சில மகிழ்ச்சியான நாட்களைச் சேர்த்தார்கள்.

வரலாறோ இன்னும் கசப்பானது. 1890 ஜூலை 29 இல் ஓவேர் கிராமத்தில் அவர் இறந்தபோது, தற்கொலை என்பதால் பங்குக் குருவானவர் பிரேத வண்டியைத் தர மறுத்தார். வான் கோ வரைந்து உலகப் புகழ்பெறச் செய்தது அவ்வூர் ஆலயத்தைத்தான்!

திருச்சபை அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்த அடக்கச் சடங்குத் தடை 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இல்லை. கடுமையான மனப்பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இவ்வாறு இறந்தோரின் நிலைவாழ்வு குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992 இல் வெளியான மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

சட்டம் மாறிவிட்டது, நம் நாவு மாறிவிட்டதா? “தாய் கவனிக்கவில்லை”, “மனைவியால்தான் இப்படி” என்று செத்தவீட்டு முற்றத்திலேயே தீர்ப்பிடுகிறோமே! புகழுரையால் குணமாகாதது அந்நோய். உங்கள் வீட்டில் எவரேனும் அவ்வாறு வாடினால், செபத்தோடு வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். இழந்து நிற்கும் தாயின் அருகில் சென்று அமருங்கள். அவள் கொடுத்த அன்பில் ஒரு துளியும் வீணாகவில்லை என்று சொல்லுங்கள். இறைவன் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்.