மிச்சத் துணியும் மதிப்புள்ள பரிசே

இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பெற்றுக்கொள்ளும் கைகளாகவே பலர் பார்க்கின்றனர். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கும் இது நன்கு தெரியும். நிவாரணமாக வந்த உடுப்பு யாரோ ஒரு பிள்ளையின் அளவுக்குத் தைத்ததாக இருக்கும். நம் பிள்ளைக்கு அது ஒன்றில் தொளதொளக்கும், அல்லது இறுக்கும்.

இன்றும் அயல் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ ஞானஸ்நானத்துக்கோ வெறுங்கையுடன் போகக் கூசி, வீட்டிலேயே நின்றுவிடும் தாய்மார் உண்டு. அவர்கள் கடன்பட்டுக் கடைச் சட்டை வாங்க வேண்டியதில்லை. தைத்து மிஞ்சிய துணியே போதும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கையில்லாத சட்டை தைக்க, 36 அங்குல அகலத் துணியில் முக்கால் யார் போதுமானது. ஒரே துண்டாக இல்லையெனில் மேற்பகுதியை வேறு நிறத்தில் வெட்டிப் பொருத்தலாம். பருத்தித் துணி சுருங்கும். வெட்டுமுன் நனைத்துக் காயவிடுங்கள். கீழ்க்கரையை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால், பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கலாம். மெஷின் இல்லாவிட்டால் கையால் நெருக்கமாகத் தையுங்கள்.

ஆனால் நைந்த துணியையும் கறை பட்டதையும் கொடுக்கக்கூடாது. மிச்சத் துணி குறைவல்ல. கவனமின்றித் தைப்பதே குறைவு.

அன்னாள் தன் மகன் சாமுவேலுக்கு வருடந்தோறும் சிறிய மேலங்கி ஒன்றைச் செய்து கொண்டுபோனதாக வேதாகமம் கூறுகிறது. தூரத்தில் வளரும் மகனின் அளவை அவள் ஒவ்வொரு வருடமும் எண்ணிப் பார்த்திருப்பாள். நாமும் பிள்ளையை நினைத்து, அளந்து தைப்போம். பெற்றுப் பழகிய நமது கைகள் கொடுக்கவும் மறவாதிருக்கட்டும்.