மூட்டைக்குள் வேகிறது நம் உழைப்பு



கொத்தமல்லியும் புதினாவும் கீரையும் பட்டணம் போய்ச் சேர்வதற்குள் அழுகிப் போவதற்கு விவசாயிதான் காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பயிற்சி முகாம் நடத்த வருகிற அதிகாரி மைக் பிடித்து இதைத்தான் சொல்கிறார். மண்டிக்காரரும் இதையே சொல்கிறார். “உங்களுக்குச் சரியா மூட்டை கட்டத் தெரியலைப்பா” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாற்பது நாள் தண்ணீர் கட்டி, களை எடுத்து, பனியிலும் வெயிலிலும் காவல் கிடந்தவனுக்கு ஒரு சாக்குக் கட்டத் தெரியாதாம்!

இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் துண்டறிக்கை. நமக்குக் கட்டத் தெரியும். தெரிந்தும் தப்பாகக் கட்டுகிறோம். அப்படிக் கட்ட வைப்பது யார் என்பதுதான் கேள்வி.

சூளகிரி, கெலமங்கலம், தளி வட்டாரத்தில் இலை போடுகிற நம் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. மதியம் மூன்று மணிக்கு ஆட்கள் வயலில் இறங்குகிறார்கள். வேரோடு பிடுங்கி, மண் உதறி, கட்டுக் கட்டி வரப்பில் அடுக்குகிறார்கள். அந்தி சாயும்போது வண்டி வந்து நிற்கிறது. அப்புறம் நடப்பதுதான் கொடுமை. சாக்கை விரித்து, வேர் வெளிப்பக்கம் பார்க்க வட்டமாக அடுக்கி, ஒருத்தர் உள்ளே இறங்கி மிதிக்கிறார். மேலே இன்னொரு வரிசை, மறுபடியும் மிதி. ஐம்பது கிலோ கொள்ளுகிற சாக்கில் எழுபது, எண்பது கிலோ திணித்து, வாய் மூடாமல் பிதுங்குவதைச் சணல் கயிறு போட்டு இழுத்துத் தைக்கிறோம். சாக்குக்கு மேல் சாக்காக வண்டியில் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்புகிறோம். சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. விடிகாலை மண்டியில் மூட்டையை அவிழ்த்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பானைக்குள் விட்ட மாதிரி சுடும்.

ஏன் சுடுகிறது? பிடுங்கிய பிறகும் இலை சாவதில்லை, மூச்சு விடுகிறது. மூச்சு விடுகிற எதுவும் சூட்டை வெளியேற்றும். ஸ்பினாச் என்கிற வெளிநாட்டுப் பசலைக்கீரையை அளந்து பார்த்திருக்கிறார்கள். 0 டிகிரி குளிரில் வைத்தால் ஒரு கிலோ கீரை மணிக்குச் சுமார் 20 மில்லிகிராம் கரியமில வாயு விடுகிறது. 20 டிகிரியில் அதுவே 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பத்து மடங்கு! நம் வயலில் மதியம் பிடுங்குகிற இலைக்கு 20 டிகிரி எங்கே இருக்கிறது? முப்பதுக்கு மேல் சூடேறின இலையைக் காற்றுப் புகாமல் மிதித்து வைத்தால், சூடு மூச்சைக் கூட்டும், மூச்சு சூட்டைக் கூட்டும். நடு மூட்டை வெந்து போவதற்கு இரவு ஒரு பொழுதே போதும். வெளிப்பக்கத்து இலைக்கோ வேறு கதி. ஓடுகிற வண்டியின் காற்று அதன் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. நூற்றுக்கு மூன்று நாலு பங்கு நீர் குறைந்தாலே இலை தலை தொங்கிப்போகும். உள்ளே அவியல், வெளியே வற்றல்.

இது தெரியாமலா மிதிக்கிறோம்? கூலிக் கணக்குதான் மிதிக்க வைக்கிறது. வண்டி வாடகை மூட்டைக்கு இவ்வளவு. ஏற்றுக்கூலி மூட்டைக்கு. இறக்குக்கூலியும் மூட்டைக்குத்தான். மூட்டைக்குள் எத்தனை கட்டு இருக்கிறது, எத்தனை கிலோ இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாடகையும் இரண்டு கூலியும் சேர்த்து மூட்டைக்கு 100 ரூபாய். மிதித்துக் கட்டினால் 500 கட்டு அடங்கும், கட்டுக்கு 20 காசு விழும். காற்றோட்டமாகக் கட்டினால் 300 கட்டுதான் அடங்கும், கட்டுக்கு 33 காசு. அதே 500 கட்டைத் தளர்வாக அனுப்ப 67 ரூபாய் கூடுதல் செலவு. மிதித்த மூட்டையில் 75 கட்டு வீணாகிறது என்று வையுங்கள். கட்டு 5 ரூபாய்க்குப் போகிற நாளில் 375 ரூபாய் நஷ்டம், தளர்வாக அனுப்பியவன் புத்திசாலி. கட்டு ஒரு ரூபாய்க்கு விழுந்த நாளில் அந்த 75 கட்டுக்கு 75 ரூபாய்தான், சரிக்குச் சரி. அதற்கும் கீழே போனால் தளர்வாகக் கட்டியவனுக்குக் கைநஷ்டம்.

இன்று கட்டு ஐந்தா ஒன்றா என்பது மூட்டை கட்டுகிற அந்தி நேரத்தில் யாருக்குத் தெரியும்? விடிகாலை மூன்று மணிக்கு ஏலம் கூறுகிறவருக்குத்தான் தெரியும். வாடகை நிச்சயம், விலை நிச்சயமில்லை. நிச்சயமான செலவை மிச்சம் பிடிக்கிறவனை முட்டாள் என்று சொல்ல மேடையில் இருப்பவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. மண்டிச் சீட்டில் “கழிவு” என்று ஒரு வரி வருகிறதே, அது எப்படிப் போடப்படுகிறது? நம் மூட்டையை அவிழ்த்து, அழுகினதை எண்ணியா கழிக்கிறார்கள்? கண் பார்வைக்கு ஒரு கழிவு, பல நாள் வந்த மூட்டை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கழிவு. நம் உறுப்பினர் ஒருவர் பிடிவாதமாக ஒரு பருவம் முழுக்கத் தளர்வாகக் கட்டி, நடுவில் வைக்கோல் செருகி, ஈரச் சாக்குப் போர்த்தி அனுப்பிப் பார்த்தார். இலை பச்சைப் பசேலென்று போய்ச் சேர்ந்தது. கழிவு? பக்கத்து வயல்காரருக்கு எவ்வளவோ அவ்வளவேதான். கேட்டதற்கு “மண்டி வழக்கம்ணே” என்று பதில் வந்தது. அடுத்த பருவம் அவரும் மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அவரிடம் போய்ப் பேக்கிங் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நம் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. மஞ்சள் இலையை நடுவில் வைத்துக் கட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. பச்சையாகத் தெரிய வேண்டும் என்று சூடான இலை மேல் ஓடைத் தண்ணீரைத் தெளித்து உடனே மூட்டை கட்டுகிறோம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் இரட்டிப்பு வேகத்தில் வரும். தக்காளி, பப்பாளி, வாழைப்பழம் ஏற்றின வண்டியில் மிச்ச இடத்தில் கொத்தமல்லியைப் போட்டு அனுப்புகிறோம். பழுக்கிற காய் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் இலை மஞ்சளாகிவிடும். இதெல்லாம் நாமே திருத்திக்கொள்ள வேண்டியது. வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்குவது, நிழலில் பரப்பி ஆறவிட்டு அப்புறம் கட்டுவது, இதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்காரர் ஐந்து மணிக்கே ஹாரன் அடித்தால் ஆறவிட நேரமில்லை என்பதும் உண்மை.

சரியான கட்டு எது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பக்கத்தில் துவாரம் உள்ள பிளாஸ்டிக் கிரேட். அடியிலும் மேலும் ஈரத்துணி, அல்லது ஓட்டை போட்ட பாலிதீன் விரிப்பு. ஓட்டை இல்லாத பையில் அடைத்தால் மூச்சு முட்டி நாற்றம் எடுக்கும், ஓட்டைதான் உயிர். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாலும் பாரம் கிரேட்டின் மேல் விழுமே தவிர இலையின் மேல் விழாது. விமானத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நம் ஊர் இலை அட்டைப் பெட்டியிலும் தெர்மகோல் பெட்டியிலும் குளிர்ச்சியாகத்தானே போகிறது? அதை யாராவது காலால் மிதித்து அனுப்புகிறார்களா? குளிர்ப்பதன அறை இல்லாத ஊருக்கும் வழி இருக்கிறது. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மின்சாரமே இல்லாத குளிர் அறையை எப்போதோ வடிவமைத்துவிட்டது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் மணல், அந்த மணலுக்குத் தண்ணீர், மேலே ஓலைக்கூரை. அவ்வளவுதான். நம் பாட்டிமார் பானையை மணலில் புதைத்துத் தண்ணீர் தெளித்த அதே வித்தை.

அப்படியானால் கிரேட் ஏன் வரவில்லை? தக்காளிக்கு வந்ததே! ராயக்கோட்டை மண்டிக்குப் போய்ப் பாருங்கள், கிரேட் மலை மாதிரி அடுக்கி இருக்கும். நசுங்கின தக்காளி வியாபாரிக்கே நஷ்டம், அதனால் கிரேட் சுற்றி வருகிறது. இலை நசுங்கினால் நஷ்டம் நமக்கு மட்டும்தான், அதனால் சாக்கே போதும் என்கிறார்கள். ஒரு கிரேட் சில நூறு ரூபாய். அதை வாங்கி அனுப்பினால் காலிக் கிரேட் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திரும்பி வந்தாலும் காலிப் பெட்டிக்கும் வாடகை. மூட்டைக் கணக்கில் கிரேட்டை ஏற்றினால் வாடகை எங்கேயோ போய் நிற்கும். தனி விவசாயியால் ஆகிற காரியமா இது?

இங்கே இமாச்சலப் பிரதேச ஆப்பிள் விவசாயிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் பெட்டிக்காகவே தெருவில் இறங்கியவர்கள். அங்கேயும் நம் கதைதான். ஆப்பிள் எடைக்கு விற்கவில்லை, பெட்டிக் கணக்கில் விற்றது. பெட்டிக்குள் அடுக்கு மேல் அடுக்காகத் திணிக்க வேண்டிய கட்டாயம். போதாக்குறைக்கு 2021 அக்டோபரிலிருந்து அட்டைப் பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 2022 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கில் திரண்டு சிம்லா தலைமைச் செயலகத்தை நோக்கிப் போனார்கள். 2023 பருவத்தில் பெட்டிக்கு 24 கிலோவுக்கு மேல் கூடாது, எடை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட்டது. 2024இல் எல்லோருக்கும் ஒரே அளவுப் பெட்டி கட்டாயமானது. அதே 2024இல் அட்டைப் பெட்டி வரி மறுபடியும் 12 சதவீதத்துக்கு இறங்கியது. எல்லாம் ஒரே நாளில் கிடைக்கவில்லை, கேட்டவுடனும் கிடைக்கவில்லை. பெட்டியும் எடையும் விவசாயப் பிரச்சினைதான் என்று அவர்கள் அரசை ஒத்துக்கொள்ள வைத்தார்கள்.

நம் அரசுகளுக்கு மூட்டையைப் பற்றிச் சட்டம் போடத் தெரியாமல் இல்லை. உணவு தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று 1987இலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சணல் ஆலைகளும் சணல் விவசாயிகளும் பிழைக்க வேண்டும், நாம் குறை சொல்லவில்லை. இலைக்கு மட்டும் சட்டம் கண்ணை மூடிக்கொள்வது ஏன் என்றுதான் கேட்கிறோம். 2018 பட்ஜெட்டில் 500 கோடி ஒதுக்கி ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ என்றார்கள். பெயரிலேயே பச்சை இருக்கிறதே என்று ஆசையாகப் படித்தால் உள்ளே தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு! லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டது. காய்கறிகளில் 4.58 முதல் 12.44 சதவீதம் வரை வீணாகிறது என்று சொன்னது. அதில் முட்டைக்கோஸ் உண்டு, காளான்கூட உண்டு. கொத்தமல்லி, புதினா, கீரைகள் இல்லை. எண்ணிக்கையிலேயே சேர்க்காத நஷ்டத்துக்கு எந்த அரசு நிவாரணம் கொடுக்கும்?

பேக் ஹவுஸுக்கு மானியம் இருக்கிறதே என்பார்கள். 2014இன் தோட்டக்கலை இயக்க வழிகாட்டுதலில் ஒன்பதுக்கு ஆறு மீட்டர் கட்டிடத்துக்கு 4 லட்சம் மதிப்புப் போட்டு, பாதி மானியம் என்று எழுதியிருந்தார்கள். மீதி 2 லட்சம்? அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் கொத்தமல்லி போடுகிறவர் எங்கே போவார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். இலைக்கு வாடகையும் ஏற்றிறக்குக் கூலியும் எடைக்கு என்று நிர்ணயம் செய்யுங்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. எண்பது கிலோ மூட்டையில் முதுகு ஒடிகிறவர்கள் அவர்கள், அவர்கள் சங்கத்தோடும் பேசித்தான் இந்தக் கோரிக்கையை வைக்கிறோம். கழிவு போடுவதென்றால் மூட்டையை அவிழ்த்து, எண்ணி, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எழுதாத கழிவு செல்லாது. அரசு செலவில் சூளகிரியில் ஒரு கிரேட் கிடங்கு வேண்டும். விவசாயி முன்பணம் கட்டி எடுக்கட்டும், எந்த மண்டியில் காலியாகிறதோ அங்கே திருப்பிக் கொடுக்கட்டும், காலிக் கிரேட்டைத் திருப்பிக் கொண்டுவருவது கிடங்கின் பொறுப்பு. ஏற்றுமிடத்தில் நிழற்கூரையும் நல்ல தண்ணீரும் வேண்டும், கூடவே அந்தச் செங்கல் குளிர் அறை நாலைந்து. இவற்றில் எது ஆகாத காரியம் என்று அதிகாரிகள் சொல்லட்டும்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் கூடுகிறோம். ஞாயிறு இரவு லோடு அனுப்புகிறவர்கள் அனுப்பிவிட்டே வாருங்கள், யாருடைய இலையும் வயலில் காய வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும். கட்டுக் கட்டுகிற பெண்கள் அவசியம் வர வேண்டும், இந்த மூட்டையைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கழிவு போட்ட பழைய மண்டிச் சீட்டு எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கொண்டு வாருங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுப்பதற்காகப் பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம். கூடவே ஆளுக்கு ஒரு காலிச் சாக்கும் எடுத்து வாருங்கள்.